பாம்புப் பெட்டிக்குச் சூடு: எதனால் கொடுப்பது, எதனால் அளப்பது?

சென்ற மார்கழியில், ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் மூணாறு எஸ்டேட் குடியிருப்பில் இருக்கும் தம்பி. இன்னொருவர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் தங்கை. இருவர் வீட்டிலும் வளர்வது பால் பைத்தான் என்கிற, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு. "அக்கா, ஹீட் மேட் வாங்கட்டுமா, செராமிக் பல்பு வாங்கட்டுமா?"

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. மூணாறில் தை மாதப் பின்னிரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கிவிடும். விடிந்து பார்த்தால் புல்வெளி உறைபனியால் வெளுத்திருக்கும். பாலக்காட்டிலோ 2024 ஏப்ரலில் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நான் இருக்கும் குமுளி இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர். மலைப்பாதையில் லோயர் கேம்ப் வரை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் வெக்கை முகத்தில் அடிக்கும். திரும்பி ஏறினால் சால்வை தேட வேண்டும். மொழி ஒன்று, பாம்பு ஒன்று, ஆனால் வீட்டுக் காற்று வேறு. தீர்மானிப்பது அந்தக் காற்றுதான்.

ஒரு சொல் முதலில். இந்தக் கட்டுரை வெளிநாட்டு இனங்களை முறையாக வாங்கி வளர்ப்பவர்களுக்கு மட்டும். தோட்டத்தில் பிடித்த சாரையையோ மலைப்பாம்பையோ மண்ணுளியையோ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022 திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு அதை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர்ப் பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால், கேரளப் பக்கம் வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் சொன்னால் பயிற்சி பெற்றவர் வந்து எடுத்துச் செல்வார். அதற்குச் சூடு தேடித் தர வேண்டிய தேவை நமக்கு இல்லை.

என் சோளப்பாம்பின் வயிறு

என்னிடம் இருக்கும், கார்ன் ஸ்நேக் என்கிற அமெரிக்கச் சோளப்பாம்பின் அடிவயிற்றில், நடுவுக்குச் சற்றுக் கீழே, ஏழெட்டுச் செதில்கள் இன்றும் சுருங்கி நிறம் மாறிக் கிடக்கின்றன. அதை வாங்கிய முதல் குளிர்காலத்தில் கடைக்காரர் ஒரு ஹீட் மேட்டையும், கண்ணாடியில் ஒட்டும் வட்டமுள் தெர்மாமீட்டரையும் கொடுத்தார். "இதற்குத் தெர்மோஸ்டாட் எல்லாம் வேண்டாம்" என்றார். குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்திச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி அது. நானும் நம்பினேன். முள் எப்போதும் 28, 29 என்றே காட்டியது. மூன்றாவது வாரம் பாம்பைக் கையில் எடுத்தபோது வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகி, இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. தேங்காய் நார்த்தூளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடித் தரையைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. பிறகு டிஜிட்டல் கருவியால் அளந்தபோது அங்கே 46 டிகிரி. முள் தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. அது ஒட்டியிருந்த இடத்துக் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டியது. பாம்பு படுத்திருந்த இடத்தை யாருமே அளக்கவில்லை.

பாம்பு ஏன் நகர்ந்து போகவில்லை என்று அழுதுகொண்டே டாக்டரிடம் கேட்டேன். அடியிலிருந்து மெல்ல ஏறும் சூட்டில் பாம்புகள் விலகாமல் படுத்திருந்தே வெந்துவிடுவது வழக்கமாகப் பார்க்கிற காயம் என்றார். குளிர்ந்த அறையில் அதற்குக் கிடைக்கும் ஒரே சூடான இடம் அதுவாக இருந்தால், அங்கேதான் கிடக்கும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் என் நிலையை முன்பே சொல்லிவிடுகிறேன். சூடு கொடுப்பது எளிது. எந்தப் பல்பும் சூடு கொடுக்கும். அளப்பதற்கும் நிறுத்துவதற்கும் முதலில் பணத்தை ஒதுக்குங்கள்; மீதியில் சூட்டுக் கருவி வாங்குங்கள்.

எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் அளவுகோல் அறை. பெட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் உச்சமும் தாழ்வும் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து, விடியற்காலை எவ்வளவு, பிற்பகல் எவ்வளவு என்று எழுதுங்கள். பாம்பு வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது, சூடாக வேண்டியது தரையா, காற்றா என்பது. மூன்றாவது, அந்தக் கருவியைத் தெர்மோஸ்டாட்டால் ஒழுங்காகக் கட்டுப்படுத்த முடியுமா என்பது. நான்காவது, கருவி பழுதானால் என்ன ஆகும், சூடு நிற்குமா, ஏறிக்கொண்டே போகுமா என்பது. ஐந்தாவது மின்கட்டணமும் ஈரப்பதமும்.

அடைய வேண்டிய அளவு இது. பால் பைத்தானுக்குச் சூடான ஓரத்தின் மேற்பரப்பு 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த ஓரம் 25 முதல் 27, இரவில் 24க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. சோளப்பாம்புக்குச் சூடான ஓரம் 29 முதல் 31 போதும். குளிர்ந்த ஓரம் 22 முதல் 25. இரவில் 20 வரை தாங்கும். பெட்டி முழுவதும் ஒரே சூடு இருக்கக் கூடாது. இரை செரிக்கச் சூட்டுக்கு வரும், போதுமென்றால் குளிர்ச்சிக்குப் போகும். அந்தப் போக்குவரத்துக்கு இடம் இருந்தால்தான் பாம்பு தன் உடலைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஹீட் மேட்

தட்டையான தாள்போல இருக்கும். பெட்டியின் அடியில், வெளிப்புறமாக, தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். மின்சாரம் குறைவாகவே தின்னும்: 20 வாட் மேட் நாள் முழுவதும் இடைவிடாமல் ஓடினாலும் அரை யூனிட்தான். இன்வர்ட்டரில் வைத்தாலும் பேட்டரி சீக்கிரம் இறங்காது. காற்றை வறட்டாது.

ஆனால் காற்றைச் சூடாக்கவும் செய்யாது. அறையில் 22, 23 டிகிரி இருந்தால் மேட் அழகாக வேலை செய்யும். அறை 12 டிகிரிக்கு இறங்கினால் பாம்பின் வயிறு சூடாகவும் முதுகும் நுரையீரலும் குளிராகவும் இருக்கும். நார்த்தூள் தடிமனாக இருந்தால் அது போர்வையாகி, மேலே சூடு தெரியாமல் அடியில் கண்ணாடி கொதிக்கும். என் வீட்டில் நடந்தது அதுதான். மேல் சூடு போதவில்லை என்று தெர்மோஸ்டாட்டை ஏற்றுவது இன்னும் பெரிய தவறு. நார்த்தூளின் தடிமனைக் குறையுங்கள்.

மறைமுகச் செலவு இரண்டு. கண்ணாடித் தொட்டியை மேட்டோடு சேர்த்து மேசையில் அழுத்தி வைத்தால் சூடு வெளியேற வழியின்றிக் கண்ணாடி விரிசல் விடும். நான்கு மூலையிலும் சிறு கால்கள் வைத்து இடைவெளி விட வேண்டும். மரப்பெட்டியாக இருந்தால் மேட் சரிவராது, பலகை சூட்டை விடாது. பிளாஸ்டிக் பெட்டியில் குட்டிப் பாம்பு வளர்ப்பவருக்கும், குமுளி, பீர்மேடு போல மிதமான ஊரில் வீட்டுக்குள் குளிர் அதிகம் இறங்காதவருக்கும் மேட் நல்ல தேர்வு.

செராமிக் பல்பு

வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் உருளை. மேலிருந்து இறங்கும் சூடு என்பதால் காற்றும் சூடாகும். இரவிலும் ஓடலாம், பாம்பின் இரவுக்கு இடையூறு இல்லை. மூணாறு, தேவிகுளம் பக்கம் இருப்பவர்கள் இதில்லாமல் குளிர்காலத்தைக் கடத்துவது கடினம்.

கடையில் யாரும் சொல்லாத செலவு ஹோல்டரில் தொடங்குகிறது. நம் வீட்டு பல்பு ஹோல்டர்கள் பெரும்பாலும் பின் வகை. செராமிக் பல்பு மறை வகை. மறை வகையிலும் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். ஓடும்போது உருளையின் மேற்பரப்பு 200 டிகிரியையும் தாண்டும். எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தொட்டால்தான் தெரியும். பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ள முடியாதபடி சுற்றிலும் கம்பிக் கூடு கட்டாயம்.

காற்றையும் வறட்டிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மார்கழி, தை மாதங்களில் காற்றே ஏற்கெனவே வறண்டிருக்கும். செராமிக்கும் சேர்ந்தால் பாம்பின் சட்டை ஒரே உரியாக வராமல் துண்டு துண்டாகக் கிழியும். மின்சாரமும் கூடுதல். 100 வாட் இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், தெர்மோஸ்டாட் பாதி நேரம் நிறுத்தினாலும் மாதத்துக்கு 36 யூனிட். வீட்டின் மற்ற உபயோகத்தோடு சேர்ந்து பில் அடுத்த அடுக்குக்கு ஏறினால் சுமை அதைவிடப் பெரிதாகத் தெரியும். மேலே வலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் பாதிச் சூடு வலை வழியாகப் போய்விடும். குளிர் ஊர்க்காரர்கள் முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த மரப்பெட்டிக்கு மாறினால் பல்பின் வாட்டைக் குறைத்துவிடலாம்.

ஹாலஜன் பல்பு

பகலில் சூடு கொடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வெயிலைப்போலவே இதன் கதிர்களில் ஒரு பங்கு தோலைத் தாண்டித் தசைக்குள் இறங்கும். செராமிக்கின் சூடு பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். ஹாலஜனுக்கு அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டை வைத்தால், பாம்பு அதன்மேல் நீண்டு கிடக்கும் அழகே தனி.

சிக்கல் கட்டுப்பாட்டில். சாதாரணத் தெர்மோஸ்டாட் இதை அணைத்து அணைத்து ஏற்றும். பெட்டி மின்னிக்கொண்டே இருக்கும், பல்பும் சீக்கிரம் போகும். வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட் வேண்டும், அது விலை கூடியது. கையால் திருகும் டிம்மர் மலிவுதான். ஆனால் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் உள்ள ஊரில் கையால் திருகி வைத்த அளவு சில மணி நேரத்தில் தவறாகிவிடும். இரவில் அணைத்தாக வேண்டும் என்பதால் குளிர் ஊரில் இது மட்டும் போதாது.

வாங்கவே வேண்டாதவை

உள்ளே வைக்கும் சூட்டுக்கல்லை எந்த ஊரிலும் வாங்காதீர்கள். ஒரு புள்ளியில் மட்டும் கொதித்து வயிற்றைச் சுட்டுவிடும். கோழிக்குஞ்சுக்குப் போடும் குண்டு பல்பைப் பாம்புக்கும் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு குளிர் இரவின் அவசரத்துக்கு, பெட்டிக்கு வெளியே, கண்காணிப்போடு போடலாம். நிரந்தரமாக வேண்டாம், இரவு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும் பால் பைத்தான் இரை எடுப்பதை நிறுத்திவிடலாம். சிவப்பு பல்பு பாம்புக்குத் தெரியாது என்பதும் சரியல்ல.

அளக்கும் கருவிகள்

| கருவி | எதை அளக்கும் | எங்கே தவறும் | என் தீர்ப்பு |
|---|---|---|---|
| ஒட்டும் வட்டமுள் | ஒட்டிய இடத்தின் சூட்டை | ஐந்தாறு டிகிரி வரை பிசகலாம். தரையைக் காட்டாது | வேண்டாம் |
| ஒயர் முனை டிஜிட்டல் (ஒயரின் நுனி சூட்டை உணரும்) | முனை இருக்கும் புள்ளியை | பாம்பு முனையை நகர்த்தினால் | கட்டாயம், இரண்டு |
| இன்ஃப்ராரெட் துப்பாக்கி | மேற்பரப்பை மட்டும் | கண்ணாடி, பளபளக்கும் உலோகம், காற்று | இருந்தால் மிக நல்லது |
| நெற்றித் தெர்மாமீட்டர் | மனித உடலை | 32க்குக் கீழே பெரும்பாலும் காட்டாது | வேண்டாம் |

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியைப் பலர் பெட்டிக்குள் காட்டிப் பார்க்கிறார்கள். அது மனித உடலுக்கென்றே கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி. தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் துப்பாக்கி வேறு. அதிலும் தூரம் முக்கியம்: 12க்கு 1 என்று எழுதியிருந்தால் பன்னிரண்டு அங்குலத்திலிருந்து ஒரு அங்குல வட்டத்தைப் படிக்கும், மூன்றடியிலிருந்து மூன்று அங்குல வட்டத்தை. கண்ணாடி வழியாகக் காட்டினால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கதவைத் திறந்து, கல்லையோ நார்த்தூளையோ நேராகக் குறிவைத்துப் பாருங்கள்.

டிஜிட்டல் முனை சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். எவர்சில்வர் டம்ளரில் பொடித்த ஐஸை நிறைத்து, ஐஸ் மூழ்காத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் புகாத உலோக முனையை நடுவில், டம்ளரைத் தொடாமல் நான்கு நிமிடம் பிடியுங்கள். பூஜ்யம் வர வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ காட்டினால் அந்த வித்தியாசத்தைச் சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். கொதிநீரில் சோதிக்க வேண்டாம். மலையில் தண்ணீர் நூறில் கொதிப்பதில்லை. குமுளியில் ஏறக்குறைய 97, மூணாறில் 95. இரண்டாவது சோதனையாக, வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் முனையையும் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். அது பாம்புக்குத் தேவையான அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சோதனை.

எங்கள் பக்கத்தில் ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர்களில் இரவெல்லாம் ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும், ஏலத்தில் விலை விழும். காய்க்குக் கொடுக்கும் அந்தக் கவனத்தை உயிருக்குக் கொடுக்க நாம் தயங்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டும் அதன் முனையும்

மேட்டுக்கும் செராமிக்குக்கும் கோழிமுட்டை இன்குபேட்டருக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டே போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒயர் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அதன் பலவீனம், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்கிற சுவிட்ச். பழசானால் ஒட்டிக்கொண்டு அணைக்காமல் விட்டுவிடும், சூடு ஏறிக்கொண்டே போகும். செராமிக் வைத்திருப்பவர்கள் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை இரண்டு டிகிரி கூடுதலாக வைத்துத் தொடரில் இணைத்தால் அந்தப் பயம் பெருமளவு குறையும்.

முனையை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மேட்டாக இருந்தால், மேட்டுக்கு நேர் மேலே, நார்த்தூளுக்கு அடியில், கண்ணாடித் தரையிலேயே இருக்க வேண்டும். பாம்பு துளைத்து இறங்கக்கூடிய அதிகபட்சச் சூடு அங்கேதான். மேலிருந்து வரும் சூடாக இருந்தால், சூடான ஓரத்தில் பாம்பின் முதுகு உயரத்தில். செலோ டேப்பால் மட்டும் ஒட்டாதீர்கள். பிரிந்த டேப் செதில்களில் ஒட்டி, எடுக்கும்போது தோலோடு வரும். சிலிக்கான் பசை வைத்துக் காயவிடுங்கள். முனை தண்ணீரில் நனைந்தாலோ இடம் மாறினாலோ தெர்மோஸ்டாட் "இன்னும் குளிர்தான்" என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் தனி தெர்மாமீட்டர் முனை ஒன்று அருகிலேயே வேண்டும் என்கிறேன். எல்லாம் பொருத்தி, பாம்பு இல்லாமல் ஒரு முழு இரவும் பகலும் ஓட்டிப் பார்த்த பிறகே அதை உள்ளே விடுங்கள்.

இருவருக்கும் நான் சொன்னது

மூணாறு தம்பிக்கு: மரப்பெட்டி, செராமிக், இரண்டு தெர்மோஸ்டாட், கம்பிக் கூடு. பணம் சேர்ந்த பிறகு பகலுக்கு ஹாலஜன். மழைக்காலத்தில் மின்சாரம் மணிக்கணக்கில் போகும் ஊர் என்பதால், சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைத்து, பெட்டியைக் கம்பளியால் மூடி, காற்றுக்கு இடைவெளி விடச் சொன்னேன். சூடு திரும்பி ஒரு நாளாவது நிலைக்கும் வரை இரை கொடுக்கக் கூடாது. குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறைத் தங்கைக்கு: இப்போதைக்குச் சிறிய மேட் ஒன்று, தெர்மோஸ்டாட்டோடு, மார்கழி, தை இரவுகளுக்கு மட்டும். மாசியிலிருந்து அவருடைய சிக்கல் நேர் எதிரானது. அறை 33 டிகிரியைத் தொட்டால் எல்லாச் சூட்டுக் கருவியையும் பிளக்கிலிருந்தே கழற்றிவிட வேண்டும். பெட்டியை மேற்குச் சுவரிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் தள்ளி, வீட்டின் நடு அறைக்கு மாற்ற வேண்டும். பக்கவாட்டில் வாய் வெட்டிய மண்சட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கவிழ்த்துக் குளிர்ந்த ஓரத்தில் வைத்தால், அதன் அடியில் சுருண்டுகொள்ளும். பெட்டிக்குள் 35க்கு மேல் நீண்ட நேரம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

சித்திரையில் அவர் ஒரு படம் அனுப்பினார். கவிழ்த்த மண்சட்டியின் வாயில் பைத்தானின் தலை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் டிஜிட்டல் திரையில் 28.4. "மேட்டை மாசியிலேயே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், அக்கா" என்று எழுதியிருந்தார்.